பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை

பழைய கடவுச்சொல் ஒரு விசைப்படகின் பெயர்,
கூடவே அது கடலில் இறங்கிய வருடம்.
டீசல் பங்கின் காலண்டரில் எழுதியிருந்தது,
ஐஸ் கம்பெனிக் கதவின் உட்புறம் சாக்பீஸில்,
வேலையை விட்டுப் போன செர்வாசியுசின் தலைக்குள்ளும்.
மாற்றவும் என்று ராமநாதபுரத்திலிருந்து கடிதம்.

போன வருடமும் மாற்றினேன்,
மண்டபத்தில், பகல் மூன்று மணிக்கு, ஒரே வரியில்.
ஒன்றும் ஆகவில்லை.
டோக்கன் கவுண்டர் ஓடியது. டீசல் கணக்கு ஓடியது.
கெட்டிக்காரி என்று எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.
ஏற்கெனவே உள்ளே இருப்பவனிடம்
யாரும் சாவி கேட்பதில்லை என்று அன்றைக்குத் தெரியாது.

இரவு ஒன்றரைக்குக் கரண்ட் போய் வந்தது.
அறுந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக வாசலுக்கு வந்து
பழைய பெயரைச் சொன்னார்கள்.
இல்லை என்றது. மறுபடி சொன்னார்கள்.
நொடிக்கு நாற்பது தடவை,
கதவு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்வரை.
டோக்கன் இல்லாமல் இருநூற்றுச் சொச்சம் படகுகள்
ஐஸ் உருகக் கரையில் நின்றன.
விடியும் முன் என் வீட்டுக்கு வந்தவர்கள்
என் அம்மாவைப் பற்றியும் பேசினார்கள்.

இந்த முறை நாட்டுப்படகு நாளாகப் பார்த்தேன்.
வாடைக்காற்று, லேசாகத் தூறல்.
பழையவனைத் தொடவில்லை.
பக்கத்திலேயே புதிதாக ஒருவனை உண்டாக்கினேன்,
அதே உரிமைகள், வேறு பெயர், வேறு சொல்.
இரண்டு நங்கூரம் போட்ட படகை
இந்தக் கரையில் யாரும் கேலி செய்வதில்லை.

டீசல் கணக்கு முதலில். நிறுத்து, புதுச் சொல்லைக் கொடு, எழுப்பு, பார்.
ஏலக் கணக்கு முரண்டு பிடித்தது,
சொல்லை இரண்டு இடத்தில் ஒளித்து வைத்திருந்தது.
டோக்கனில் மூன்று பேர் ஒரே வேலை பார்க்கிறார்கள்,
ஒருவன் நின்றபோது மற்ற இருவர் தாங்கினார்கள்.
புயல் எச்சரிக்கையைக் கடைசியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பழைய பெயரில் இன்னும் யார் உள்ளே?
ஒன்பது. ஐந்து. இரண்டு. பூஜ்யம்.
அழிக்கப் போன விரல் ஏனோ மறுபடி கேட்டது.
ஒன்று.
மறுபடி கேட்டேன். பூஜ்யம்.
பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ வந்து
எதையோ வாங்கிக்கொண்டு அரை நொடியில் போகிறார்கள்.
எந்தப் பதிவேட்டிலும் இல்லாத முகவரி.

"தூக்கிடுங்க மேடம், கத்துறப்ப யாருன்னு தெரிஞ்சிடும்"
என்றான் நெய்னா முகமது.
அதுவும் ஒரு முறைதான்,
கத்துகிறவர்களிடம் நம் போன் நம்பர் இருந்தால்.

செர்வாசியுஸ் சூரத்தில் இருந்தான். எடுத்ததும் சிரித்தான்.
"சின்னப்பாலம் போய்ப் பாருங்க."

பாம்பன் பாலத்தில் ஸ்கூட்டரைக் காற்று ஒரு முழம் தள்ளியது.
சின்னப்பாலக் கரையில், இரும்புக் கம்பத்தில்
தகரப் பலகை, சிவப்பு எண்கள்: காற்றின் வேகம்.
அடியில் பாசிக்குப் போகும் பெண்கள்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.
அவர்களுக்கு டோக்கன் இல்லை, படகு எண் இல்லை,
எங்கள் அட்டவணைகளில் ஒரு வரிகூட இல்லை.

"இருபதைத் தாண்டுனா தீவுப் பக்கம் எறங்க மாட்டோம்"
என்றாள் இருளாயி.
"இது கவருமெண்டு போர்டுதான?"
ஆமாம் என்றேன்.
அந்த நிமிடத்திலிருந்துதான் ஆமாம்.

டிரம் மேல் ஏறிப் பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே பல்லி முட்டை, ஒரு சின்ன மெஷின், பழைய சொல்.
புதியதை அடித்தேன். பலகை அணைந்தது.
நான்கு பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.
நானும் யார் முகத்தையும் பார்க்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழு என்றது பலகை.
கண்ணாடிகள் இறங்கின.

பழைய பெயரை உடனே அழிக்கவில்லை, பூட்டி மட்டும் வைத்தேன்.
ஒரு சனிக்கிழமைக் கூட்டம் தாண்டட்டும் என்று.
தாண்டியது. அழித்தேன்.
பதிவேட்டில் கடைசி வரியாகச் சேர்த்தேன்:
சின்னப்பாலம், காற்றுப் பலகை, இருளாயி, அவள் நம்பர்.

புதுச் சொல்லைக் கேட்காதீர்கள்.
அது எந்தப் படகின் பெயரும் இல்லை.